எந்த வழி நடப்பது? எதைப் படம் பிடிப்பது?

பழைய ஸ்தலங்களுக்கும் நாட்டுப்புறத்துக்கும் கால்நடையாகச் சென்று காணத்தக்க வழிகளைப் பற்றி, வாரம் ஒன்றாகப் படத் தொடர் வெளியிட உத்தேசித்திருக்கிறோம் என்று சில நாட்களுக்கு முன் அறிவித்திருந்தோம். மதுரைச் சீமையிலிருந்து தொடங்குவதென்றும் தீர்மானித்திருந்தோம். எந்தெந்த வழிகளைச் சேர்க்கலாம் என்று நேயர்களின் யோசனையைக் கோரினோம். வந்த கடிதங்கள் நமது மேஜையை நிறைத்துவிட்டன. எழுதிய அன்பர்கள் அனைவருக்கும் நமது வந்தனம். ஆனால் அவற்றைப் படித்து முடித்தபோது நமக்கு மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் உண்டாயிற்று. அக்கவலையை ஒளிக்காமல் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அதற்கு முன் ஒரு நண்பரின் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் நெடுநாள் பொது ஊழியர். "விலைவாசியும் வேலையில்லாத் திண்டாட்டமும் ஜனங்களை வாட்டும்போது காமிராவைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதலாமா?" என்று அவர் நம்மைக் கேட்டார். எழுதலாம் என்பதுடன், எழுதியே ஆகவேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம். ஒரு நாட்டின் ஜனங்கள் தங்கள் ஊரில் எதைப் பார்க்கத்தக்கதென்று எண்ணுகிறார்களோ, அதைத்தான் காக்கத்தக்கதென்றும் எண்ணுவார்கள். பார்வையில் படாத பொருள் பறிபோனால் கேட்பாரில்லை. ஆகையால் எந்த வழியில் நடப்பது, எதைப் படம் பிடிப்பது என்ற கேள்வி பொழுதுபோக்கைச் சேர்ந்ததல்ல. ராஜ்ய விவகாரத்தையே சேர்ந்தது.

நிற்க. கடிதங்களில் பெரும்பாலானவை என்ன சொல்லுகின்றன? மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள், திருமலை நாயக்கர் மஹால், வண்டியூர்த் தெப்பக்குளம், அழகர் ஆற்றில் இறங்கும் காட்சி, இவற்றையே மாற்றி மாற்றிக் குறிப்பிடுகின்றன. இவை அழகற்றவை என்று கூற நமக்குப் பித்துப் பிடிக்கவில்லை. தமிழனுடைய கைத்திறனுக்கு இவற்றைவிடச் சிறந்த அத்தாட்சிகள் வேண்டியதில்லை. ஆனால் இவற்றின் படம் இல்லாத காலண்டர் உண்டா? தொங்காத ஹோட்டல் சுவர் உண்டா? ஆயிரம் பேர் எடுத்த படத்தை ஆயிரத்தோராவது தடவை எடுப்பதால் கோபுரத்துக்கும் லாபமில்லை. பார்ப்பவனுக்கும் புதிதாக ஓர் அறிவும் உண்டாவதில்லை. புகழ் பெற்ற ஸ்தலங்களுக்கு நமது தொடர் தேவையில்லை. நமது தொடர் யாருக்குத் தேவை என்பதை யோசித்துத்தான் வழிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் முன்னோர் அனுபவம் ஒன்று நமக்கு உதவும். லின்னியஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயக் காப்டன் 1856-ம் வருஷத்தில் சென்னை ராஜதானியின் உத்தியோகப் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். அவர் 1857-ம் வருஷக் கடைசியில் புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களில் படம் பிடித்தார். வடக்கே சிப்பாய்களின் எழுச்சி இன்னும் அடங்காத காலம் அது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அவர் 21 துண்டுகளாகப் படம் பிடித்து ஒரே நீண்ட சுருளாக இணைத்தார். 1858-ம் வருஷத்தில் மதுரைக்கு அருகிலுள்ள யானைமலையையும் அவர் படம் பிடித்தார். அடுத்த வருஷமே சென்னைக் கவர்னர் டிரெவெலியன், இஃது ஆடம்பரச் செலவு என்று கருதி அந்த வேலையை நிறுத்திவிட்டார்.

ட்ரைப்பின் உழைப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. அவர் எடுத்த படங்கள் இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பொக்கிஷமாக இருக்கின்றன. யானைமலையின் உருவம் 1858-ல் எப்படி இருந்தது என்று யாரேனும் கேட்டால், காட்டுவதற்கு ஒரு படம் இருக்கிறது. ஆயினும் அப்படங்களில் கல் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, மனிதன் அரிதாகவே இருக்கிறான். அக்காலத்துப் படக் காகிதத்துக்கு நெடுநேரம் வெளிச்சம் வேண்டியிருந்தது. நடமாடுகிறவன் அதில் பதிய மாட்டான். இது கருவியின் குறை என்று சொல்லலாம். ஆனால் எதைப் படம் பிடிப்பது என்று தீர்மானித்ததும் ஆளவந்த சர்க்காரின் ஊழியரே. மலையடிவாரத்தில் கண்மாய்த் தண்ணீரை நம்பிப் பயிர் செய்தவனை அந்தத் தீர்மானத்தில் யாரும் கேட்கவில்லை. இன்று கருவியின் குறை நீங்கிவிட்டது. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் காமிரா இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் உரிமையும் நம் கையில் இருக்கிறது. அப்படியிருந்தும் மனிதனில்லாத கல்லையே நாமும் தேடிப் போவோமானால், அந்தக் குறைக்கு யார்மேல் பழி சொல்வது?

ஆகவே மூன்று நியதிகளை நாம் வகுத்துக்கொண்டிருக்கிறோம். முதலாவது, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு சாதாரண மனிதன் காலை வேளைக்குள் நடந்து பார்த்துத் திரும்பக்கூடிய வழியாக இருக்க வேண்டும். மோட்டார் வண்டியும் வழிகாட்டியும் வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்களுக்கு மட்டும் எட்டும் இடம் நமக்கு வேண்டாம். இரண்டாவது, பழமையும் இன்றைய வாழ்வும் ஒரே பார்வையில் தென்பட வேண்டும். கல்வெட்டுக்குக் கீழே வயலும், சிற்பத்துக்குப் பக்கத்தில் ஊர்த் தெய்வமும், பாறைக்கு அடியில் ஊருணியும் இருக்க வேண்டும். மூன்றாவது, அந்த இடத்துக்கு ஆபத்து நேர்ந்திருக்க வேண்டும், அல்லது நேரக்கூடியதாக இருக்க வேண்டும். இம்மூன்றாவது நியதியே முக்கியமானது. அதைத்தான் நேயர்கள் பலர் மறந்துவிட்டார்கள்.

இந்நியதிகளின்படி நாம் தேர்ந்தெடுத்திருக்கும் முதல் வழி யானைமலை. மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் ஒத்தக்கடையில் இறங்கினால் மலை எதிரே படுத்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்கு நடத்தப் போகும் வக்கீல்களும் கட்சிக்காரர்களும் தினந்தோறும் காண்பது இம்மலையைத்தான். அடிவாரத்தில் நரசிங்கம் என்ற ஊரில் குடைவரைக் கோயில் ஒன்று இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி என்பவர் கி.பி. 770-ம் வருஷத்தில் அதை எடுப்பித்தார். அவர் காலமான பின் அவர் தம்பி மாறன் எயினன் திருப்பணியை நிறைவேற்றினார். அதை விட்டு நடந்தால் முருகனுக்குக் குடைந்த சிறு கோயில் ஒன்று வருகிறது. ஜனங்கள் அதை லாடன் கோயில் என்கிறார்கள். மலைமேல் ஜைனத் தீர்த்தங்கரர்களின் உருவங்களும், அவற்றின் கீழ் வட்டெழுத்துச் சாஸனங்களும் இருக்கின்றன. வைஷ்ணவமும் சைவமும் ஜைனமும் ஒரே கல்லில் அடுத்தடுத்து இடம் பெற்றிருக்கின்றன. சமய வெறுப்பை மூட்டிப் பிழைக்க நினைப்பவர்களுக்கு இந்த மலையைவிடத் தக்க பதில் வேறு எங்கே கிடைக்கும்?

இந்த மலையிலேயே சிற்ப நகரம் ஒன்று அமைக்கலாம் என்ற யோசனை 2010-ம் வருஷத்தில் எழுந்தது. சிற்பக் கலையை வளர்ப்பதற்காக, சிற்பமுள்ள மலையையே வெட்டலாம் என்ற இந்த விசித்திரமான யோசனையை அடிவாரத்து ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். யோசனை நிறைவேறவில்லை. அந்தக் கிளர்ச்சியை ஒட்டித் தோன்றிய 'பசுமை நடை' என்னும் குழுவினர் அதன்பின் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு நகரவாசிகளைக் குடும்பத்தோடு அழைத்துச் சென்று, அந்தந்த இடத்திலேயே அதன் வரலாற்றை எடுத்துச் சொல்லி வந்திருக்கிறார்கள். நாம் இப்போது தொடங்கும் காரியத்துக்கு அவர்கள் முன்னோடிகள் என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்ளுகிறோம்.

இரண்டாவது வழி மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியிலுள்ள சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் உண்டு. செட்டிப்புடவு என்னும் குகையில் தீர்த்தங்கரரின் பெரிய திருவுருவம் இருக்கிறது. மேலே பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் வரிசையாக உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அச்சணந்தி என்ற ஜைன முனிவரின் பெயர் பாண்டிய நாட்டு மலைகள் பலவற்றில் காணப்படுகிறது. அவருடைய தாயார் குணமதியார் செய்வித்த உருவம் இந்த மலையில் இருக்கிறது. அரசர் பெயரும் மந்திரி பெயரும் கல்லில் இருப்பது அதிசயமன்று. ஒரு துறவியின் தாயார் பெயர் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் அழியாமல் நிற்கிறது. அதே மலையின் கீழே இன்றும் தாய்மார்கள் அய்யனாருக்குப் பொங்கலிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படம் பிடிக்கத் தெரிந்தவரே நமக்கு வேண்டியவர். மேலேயுள்ள உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கீழே உள்ள ஜனங்கள் தமது படத்தைக் கெடுக்கிறார்கள் என்று விலகச் சொல்பவரின் படம் நமக்கு வேண்டாம்.

மூன்றாவது வழி மேலூர்த் தாலூகாவிலுள்ள அரிட்டாபட்டியும், அதை அடுத்த மீனாட்சிபுரம், மாங்குளம் பகுதியும் ஆகும். மாங்குளத்துக் குன்றிலுள்ள பழந்தமிழ் எழுத்துகளை ராபர்ட் சூயல் என்ற அதிகாரி 1882-ம் வருஷத்தில் கண்டறிந்து வெளியிட்டார். ஆடு மேய்த்தவர்கள் அவருக்கு முன்பே அவற்றைக் கண்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எழுத்துகள் எந்தப் பாஷை என்பது வெகுநாள் விளங்கவில்லை. 1924-ம் வருஷத்தில் கே. வி. சுப்பிரமணிய ஐயர்தான் இத்தகைய குகைச் சாஸனங்களின் பாஷை தமிழே என்று எடுத்துக் காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அவற்றை ஆராய்ந்து, மாங்குளத்துக் கல்லில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் இருப்பதை விளக்கினார். கணி நந்தாசிரியன் என்ற துறவிக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்ததை அக்கல் கூறுகிறது. வெள்ளறை வணிகர் கூட்டத்தாரின் தருமத்தையும் கூறுகிறது. ஏறக்குறைய இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் எழுதப்பட்ட தமிழ் இது. நம் பாஷையின் பழமையைப் பற்றி மேடையேறி முழங்குபவர்களில் எத்தனை பேர் இந்தக் குன்றேறிப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்க விரும்புகிறோம்.

அரிட்டாபட்டியில் முற்காலப் பாண்டியர் குடைவித்த சிவன் கோயிலும், லகுலீசர் சிற்பமும், ஜைன உருவமும் இருக்கின்றன. ஆனைகொண்டான் என்ற கண்மாய் இருக்கிறது. 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரிய ஸ்தலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அவ்விதம் அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுவே. ஏழு குன்றுகளும், 72 நீர்நிலைகளும், 200 ஊற்றுகளும், சுமார் 250 வகைப் பறவைகளும் அங்கே உண்டென்று அப்போது கணக்குக் கூறப்பட்டது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகியவை அப்பாறைகளை நாடி வாழ்கின்றன. பாறையில் விழும் மழை ஊற்றாகி, ஊற்று கண்மாயாகி, கண்மாய் வயலாகி, வயல் சோறாகிறது. பாறை வெறும் கல் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும்.

அவ்வளவு சிறப்பாக அறிவித்த இரண்டே வருஷத்துக்குள் என்ன நேர்ந்தது? 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், அரிட்டாபட்டியும் உட்பட்ட நாயக்கர்பட்டி வட்டாரத்தில் சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் உலோகச் சுரங்க உரிமை ஏலத்தில் ஒரு கம்பெனிக்குப் போயிற்று என்ற செய்தி வந்தது. கிராமத்து ஜனங்கள் திகைத்தார்கள், பிறகு திரண்டார்கள். டிசம்பர் 9-ம் தேதி தமிழ்நாடு சட்டசபை அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025-ம் வருஷம் ஜனவரி 7-ம் தேதி மேலூர்ப் பகுதி ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மதுரை நகரை நோக்கி நடந்தார்கள். அதே ஜனவரி 23-ம் தேதி மத்திய சர்க்கார் அந்த ஏலத்தை ரத்து செய்தார்கள்.

அந்த நடையை நேயர்கள் கவனிக்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். நடை என்றால் காற்று வாங்குவது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தார்களே, அவர்கள் காற்று வாங்கவா நடந்தார்கள்? வழியிலிருந்த ஒவ்வொரு கிராமமும் அந்த நடையால் விழித்துக்கொண்டது. மேலூர் ஜனங்கள் நடந்ததும் அந்த வழியில் வந்த நடையே. ஆகையால் நமது தொடரில் அரிட்டாபட்டியின் குடைவரையும் வல்லூறும் இடம் பெறுவதுபோலவே, அந்த ஜனங்கள் நடந்து வந்த சாலையும் இடம் பெறும்.

நான்காவது வழியை நாம் குறிப்பிட்டபோது நமது காரியாலயத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. அது கீழவளவு. அங்கேயுள்ள பஞ்சபாண்டவர் மலையில் பழந்தமிழ்ச் சாஸனம் உண்டு. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் அமைத்துக் கொடுத்த பள்ளி என்பது அதன் பொருள். எழுத்துகளில் சில தலைகீழாகவும் திரும்பியும் வெட்டப்பட்டிருக்கின்றன. கடற்கரைத் தொண்டிக்கும் உள்நாட்டுக் குன்றுக்கும் அந்நாளில் இருந்த போக்குவரத்தை அது காட்டுகிறது. ஆனால் அந்த வட்டாரம் கிரானைட் வெட்டியதால் பெற்ற புண்களும் பார்ப்பவர் கண்ணில் படாமல் இரா. 2012-ம் வருஷத்தில் மதுரைக் கலெக்டராயிருந்த சகாயம், இந்த மாவட்டத்தில் கிரானைட் வெட்டியதில் சர்க்காருக்கு நேர்ந்த நஷ்டம் 16,000 கோடி ரூபாய்க்கு மேற்படும் என்று அறிக்கை அனுப்பினார். பின்னர் 2014-ல் உயர் நீதிமன்றமே அவரை விசாரணைக்கு நியமித்தது. "அழகைக் காட்டும் தொடரில் அறுத்துப் போட்ட பாறையையும், குழியில் தேங்கிய தண்ணீரையும் எதற்குப் போட வேண்டும்?" என்று நமது உதவி ஆசிரியர் ஒருவர் வாதித்தார். வீட்டில் திருடு போனபின் உடைந்த பூட்டைப் படம் பிடிக்காமல் வாசற் கோலத்தைப் படம் பிடிக்கலாமா என்று நாம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே இணங்கினார்.

இனி, நமது யோசனைக்கு எதிராகச் சொல்லக்கூடிய இரண்டு விஷயங்களை நேர்மையுடன் ஆராய்வோம். முதலாவது, படம் வெளியானால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் குப்பை வரும். பாறையில் பெயர் எழுதுவார்கள். மறைந்திருந்தவரையில் பத்திரமாக இருந்த இடம் பிரசித்தியால் அழியும் என்பது. இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. இரண்டாயிரம் வருஷம் நின்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஆணியால் தம் காதலைப் பொறித்துவிட்டுப் போனவர்களின் கைவேலையை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் மறைவு காப்பாற்றும் என்பது பாதி உண்மையே. ஆணியால் கீறுபவனுக்கு ஓர் இடம் தெரியாமல் மறைக்கலாம். வெடி வைப்பவனுக்கு மறைக்க முடியாது. அவன் கையில் நில வரைபடமும் சர்வே நம்பரும் இருக்கின்றன. ஜனங்களுக்கு மட்டும் தெரியாதிருப்பதே அவனுக்கு வேண்டிய சௌகரியம். ஆகவே இடத்தை அறிவிப்போம். நடக்க வேண்டிய முறையையும் கூடவே அறிவிப்போம்.

இரண்டாவது ஆட்சேபம், படம் மலையைக் காப்பாற்றாது, சட்டமும் கிளர்ச்சியும்தான் காப்பாற்றும் என்பது. இதையும் நாம் மறுக்கவில்லை. கோர்ட்டுகளில் பல வருஷம் கழித்த நாம், படத்தின் சக்தியையும் அறிவோம். அதன் பலவீனத்தையும் அறிவோம். நாம் நடத்திய ஒரு கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்கில் கட்சிக்காரர் ஒரு கட்டுப் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். படங்கள் அழகாக இருந்தன. எந்தத் தேதியில் எடுத்தது, எந்தக் கரையிலிருந்து எடுத்தது, எடுத்தவர் யார் என்று கேட்டோம். ஒன்றுக்கும் அவரிடம் பதில் இல்லை. எதிர்க்கட்சி வக்கீல் இரண்டே கேள்விகளில் அந்தக் கட்டைப் பயனற்றதாக்கிவிட்டார். கண்மாயும் போயிற்று. மதுரையில் 'குளம்' என்று முடியும் பேட்டைப் பெயர்களைக் கேட்கும்போதெல்லாம் அந்த வழக்கு நமக்கு ஞாபகம் வருகிறது. தல்லாகுளம் என்று முகவரி எழுதுகிறவர்களில் எத்தனை பேர் குளம் எங்கே என்று தேடினார்கள்? அது நிறைந்திருந்த நாளில் ஒருவர் தேதியிட்டு எடுத்து வைத்த படம் இருந்தால், இன்று அதன் மதிப்பு எவ்வளவு!

ஆதலால் தொடருக்குப் படம் அனுப்புகிறவர்களிடம் நாம் கேட்பது கலைத்திறனை மட்டுமல்ல. சாட்சிக்குரிய ஒழுங்கையும் கேட்கிறோம். 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024-ம் வருஷம் ஜூலை 1-ம் தேதி முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் அமலில் இருக்கிறது. மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய அதன் 63-வது பிரிவின்படி அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். எனவே முதலில் பதிவான படத்தை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். நிறம் கூட்டி, வானத்தை மாற்றி, மின்கம்பத்தை நீக்கி அனுப்பாதீர்கள். தேதி, நேரம், கிராமம், எந்தத் திசையை நோக்கி நின்றீர்கள் என்பதைக் குறித்து அனுப்புங்கள். அதே இடத்தில் நின்று அடுத்த வருஷம் மறுபடியும் எடுங்கள். ஒரு படம் அழகைச் சொல்லும். ஒரே இடத்தின் பத்து வருஷப் படங்கள் அங்கே நடந்த நியாய அநியாயத்தைச் சொல்லும்.

நடக்கும் முறையைப் பற்றியும் நாலு வார்த்தை. எழுத்து தெளிவாக விழ வேண்டுமென்று கல்வெட்டில் சுண்ணாம்பு, சாக்குக் கட்டி, எண்ணெய் எதையும் தடவக்கூடாது. சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ, பக்கவாட்டில் வெயில் விழும்போது பார்த்தால் எழுத்து தானே எழுந்து நிற்கும், பொறுமைதான் வேண்டும். பறவைகள் கூடு கட்டியிருக்கும் காலத்தில் பாறை விளிம்பை நெருங்கக்கூடாது. கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு குறிப்பிட்டு அனுப்பினால் நாம் வெளியிட மாட்டோம். ஊர் ஜனங்கள் செருப்பைக் கழற்றும் இடத்தில் நாமும் கழற்ற வேண்டும். வயலில் நிற்பவர்களைக் கேட்காமல் படம் பிடிக்கக்கூடாது. அவர்கள் நமது காட்சிக்கு அலங்காரமாக நிற்பவர்களல்லர். அந்த ஊரின் சொந்தக்காரர்கள். அவர்கள் பெயரைச் சொல்லச் சம்மதித்தால் பெயரோடு வெளியிடுவோம். இல்லையென்றால் வற்புறுத்த மாட்டோம். ஊர்ப் பெரியவர்கள் மலைக்கும் ஊற்றுக்கும் வயலுக்கும் சொல்லும் பெயர்களை அவர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் தெரிந்த பாறையை ஏலப் பட்டியலில் வெறும் நம்பராக மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

பொது ஊழியத்தில் ஈடுபட்ட வாலிபர்களுக்கு நாம் விசேஷமாகக் கூற விரும்புவது ஒன்று உண்டு. கூட்டம் போடவும் தீர்மானம் நிறைவேற்றவும் உங்களுக்குப் பழக்கம் இருக்கிறது. அது அவசியமே. ஆனால் ஆபத்து வந்தபின் ஓடிப்போய் முதல் முறையாக ஒரு மலையைப் பார்ப்பவர், அந்த ஜனங்களுக்குப் புது மனிதர். ஆபத்து வருவதற்கு முன்னரே பலமுறை நடந்து போய், அந்த ஊர்த் தண்ணீர் குடித்து, பெரியவர்களின் பேச்சைக் கேட்டிருப்பவரே அந்த நாளில் உதவுவார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை இதற்கென ஒதுக்கினால் கட்சிக் காரியம் ஒன்றும் கெட்டுப் போகாது.

முதல் படங்கள் யானைமலையிலிருந்து வெளிவரும். 1858-ல் ட்ரைப் காட்டிய யானைமலைக்கு அருகில் நின்று, இன்றைய மலையையும் அதன் அடிவாரத்து ஜனங்களையும் சேர்த்து எடுக்கும்படி நமது போட்டோகிராபரிடம் கூறியிருக்கிறோம். நூற்றறுபது வருஷத்துக்கு மேல் கழிந்தும் அம்மலையின் வடிவம் பார்ப்பவனுக்கு அடையாளம் தெரிகிறது. இன்னும் நூற்றறுபது வருஷம் கழித்து, நமது படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்தக்கடையில் வந்து இறங்குபவனுக்கும் அது அடையாளம் தெரிய வேண்டும். அந்தக் காரியத்தில் நேயர்கள் ஒவ்வொருவரின் காலும் கண்ணும் நமக்குத் துணை செய்யும் என்று நம்புகிறோம்.